செல்ஃப் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை: பழைய டீசல் பிக்கப்புக்கு முழுமையான வழிகாட்டி

விடியற்காலை மூன்றரை மணி. தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக் கயிறு கட்டியாகிவிட்டது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு லோடு அடிக்கிற யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு காலையைச் சொல்வார்கள். நேரம் போகப்போகச் சரக்கின் விலை இறங்கும். சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள்: பேட்டரியை மாற்று, பம்ப் போய்விட்டது, நாசில் போய்விட்டது. சொன்னதையெல்லாம் மாற்றினால் பல ஆயிரம் ரூபாய் கரையும், வண்டி அப்போதும் அதே இடத்தில் நிற்கலாம்.

நான் இங்கே சொல்வது மெக்கானிக்கல் பம்ப் (கம்ப்யூட்டர் இல்லாமல் நாசிலுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்) உள்ள பழைய டீசல் பிக்கப்புகளுக்கு. டாடா 207, மஹிந்திராவின் பழைய பிக்கப்புகள், 2005-இல் வந்த குட்டி யானை (டாடா ஏஸ்) என்று அந்தத் தலைமுறை வண்டிகள். சிஆர்டிஐ வண்டிகளுக்கு, அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தூவும் காமன் ரெயில் வண்டிகளுக்கு, கடைசியில் தனியாகச் சொல்கிறேன். அவற்றில் இங்கே உள்ள சில வேலைகளைச் செய்யவே கூடாது.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினெட்டில் ஒரு பங்கு அளவுக்கு நசுக்கினால் அது கொதிக்கிற சூடாகும். அந்தச் சூட்டில் நாசில் டீசலைப் புகைபோலத் தூவ, அது தானாகப் பற்றிக்கொள்ளும். ஆக வண்டி பிடிக்கவில்லை என்றால், ஒன்று டீசல் உள்ளே போகவில்லை, அல்லது போன டீசல் பற்றவில்லை. எந்தப் பக்கம் என்று சொல்வது சைலன்சர். ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் பின்பக்கம் போய் நின்று பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

தொடங்கும் முன்

வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, டயருக்குக் கல் வையுங்கள். சாவியைத் திருப்ப நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டும். நீங்கள் சொல்லாமல் அவர் கை சாவிக்குப் போகக் கூடாது. ஃபேன் பெல்ட் பக்கம் துண்டோ தளர்ந்த சட்டையோ போகவிடாதீர்கள்.

கருவி பெரிதாக ஒன்றும் வேண்டாம். 10 முதல் 19 வரை ஸ்பேனர்கள், இரண்டு வயர் இழுத்த ஒரு 12 வோல்ட் பல்பு, முடிந்தால் ஒரு மல்டிமீட்டர், அரை மீட்டர் நிறமில்லாத டீசல் ட்யூப், சுத்தமான ஐந்து லிட்டர் கேன், ஒரு கண்ணாடி பாட்டில், பழந்துணி, கண்ணுக்குக் கண்ணாடி.

செல்ஃபை ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். அடுத்த தடவைக்கு முன் ஒரு நிமிடம் விடுங்கள். மூன்று நான்கு தடவை ஆனால் ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். பிடிக்காத வண்டியில் பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் சேர்ந்து போவது பெரும்பாலும் இந்தப் பதற்றத்தில்தான்.

இன்னொன்று: ஏர் ஃபில்டர் வாயில் பெட்ரோல் நனைத்த துணியைப் பிடித்து ஸ்டார்ட் பண்ணும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பெட்ரோல் ஆவி நேரங்கெட்டு வெடிக்கும். ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் பண்ணும்போது உள்ளே சூடேற்றும் பிளக்) சூடாக இருக்கும் இன்ஜினில் தீ வெளியே வந்து முகத்தில் அடிக்கும், பிஸ்டனும் உடையலாம். வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருந்தால் செல்ஃபையே தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை நசுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

சுற்றும் வேகத்தைக் கேளுங்கள்

செல்ஃப் சுற்றுகிறது என்பது போதாது, வேகமாகச் சுற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் நசுங்கிய காற்று பிஸ்டன் ரிங் வழியாகக் கசிய நேரம் கிடைக்கிறது, அதன் சூடும் சிலிண்டர் சுவருக்குப் போய்விடுகிறது. எல்லாம் சரியாக இருந்தும் வண்டி பிடிக்காது.

நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது பத்து வோல்ட்டை ஒட்டி நின்றால் நல்லது. 9.5-க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். ஆனால் அதை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும், மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஸ்ட்ராப் துரு ஏறியிருக்கிறது. மீட்டர் இல்லையா? ஜம்பர் கேபிள் ஒன்றை மைனஸ் கம்பத்திலிருந்து நேராக இன்ஜின் பிளாக்குக்குப் போட்டு அடித்துப் பாருங்கள். செல்ஃப் சட்டென்று வேகம் பிடித்தால், குறை உங்கள் கைக்கே தெரிந்துவிட்டது. சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினால் முடிந்தது வேலை.

இப்போது சைலன்சர்

உதவியாள் செல்ஃப் அடிக்கட்டும், நீங்கள் பின்னால் நின்று பாருங்கள். இருட்டாக இருந்தால் டார்ச் வெளிச்சத்தைக் குழாயின் வாய்க்குக் குறுக்கே பிடியுங்கள்.

புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளை அல்லது சாம்பல் நிறப் புகை, மூக்கில் ஏறும் பச்சை டீசல் வாடையோடு வந்தால், டீசல் போகிறது, பற்றவில்லை. கரும்புகை வந்து இன்ஜின் இழுத்து இழுத்து நின்றால் காற்று போதவில்லை. முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். ஷெட்டில் பல நாள் நின்ற வண்டியென்றால் எலி அங்கே கூடு கட்டியிருக்கும்.

பழைய பிக்கப்பில் அதிகம் வருவது முதல் வகைதான். அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

புகை இல்லை: நிறுத்தும் அமைப்பிலிருந்து தொடங்குங்கள்

டீசல் இன்ஜினை நிறுத்துவது என்றால் பம்பில் டீசலை வெட்டுவதுதான். அந்த வெட்டு விலகாமலேயே இருந்தால் எவ்வளவு அடித்தாலும் வண்டி பிடிக்காது. சில வண்டிகளில் டாஷ்போர்டில் இழுக்கும் ஸ்டாப் கேபிள் இருக்கும். உள்ளே துருப்பிடித்து அது பாதியில் நிற்கும். பானட்டைத் திறந்து, பம்பின் பக்கத்தில் கேபிள் சேரும் லீவரை விரலால் ஓடும் நிலைக்குத் தள்ளிவிட்டு அடித்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

கேபிள் இல்லாத வண்டிகளில் பம்பின் மேல் கட்டைவிரல் பருமனில் ஒரு சொலினாய்டு (கரண்டில் டீசலைத் திறந்து மூடும் வால்வு) இருக்கும், அதற்கு ஒற்றை வயர் வரும். சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்தால் அதில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பல்பின் ஒரு வயரை அந்த டெர்மினலிலும் மறுவயரை இன்ஜின் பாடியிலும் வையுங்கள். எரியவில்லை என்றால் ஃப்யூஸ், வயர், இக்னிஷன் ஸ்விட்ச் என்று பின்னோக்கிப் போங்கள். எரிந்தும் டிக் இல்லை என்றால் சொலினாய்டு போயிருக்கிறது.

இங்கே பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. ஆன் நிலையில் பல்பு எரிகிறது என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள், செல்ஃப் அடிக்கும்போதும் பல்பைப் பாருங்கள். தேய்ந்த இக்னிஷன் ஸ்விட்ச் ஆன் நிலையில் கரண்ட் கொடுக்கும், ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பியதும் அதே வயரில் கரண்டை விட்டுவிடும். சாவியை விடும் நொடியில் மட்டும் இன்ஜின் ஒரு முறை பிடிப்பது போல் குதித்தால், இதுதான் காரணமாக இருக்கும். உறுதி செய்ய, ஃப்யூஸ் போட்ட ஒரு வயரைப் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து நேராகச் சொலினாய்டுக்குக் கொடுத்து அடியுங்கள். வண்டி பிடித்தால் பம்ப் மேல் ஒரு குற்றமும் இல்லை. நிறுத்த அந்த வயரைப் பிடுங்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

டேங்கும் ஃபில்டரும்

டீசல் மீட்டரை நம்பாதீர்கள். பழைய வண்டியில் ஃப்ளோட் ஒட்டிக்கொண்டு கால் டேங்க் காட்டும், உள்ளே ஒரு சொட்டு இருக்காது. சுத்தமான குச்சியை விட்டுப் பாருங்கள். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

அடுத்து ஃபில்டரின் அடியில் உள்ள ட்ரெயின் திருகைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனிக் கோடாகத் தங்கும், டீசல் மேலே நிற்கும். பழுப்பு நிறத்தில் வழவழப்பாக வந்தால் டேங்க்கையே கழுவ வேண்டும். ஃபில்டரை மட்டும் மாற்றினால் பத்து நாளில் அதே கதைதான். பாட்டிலை முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் அதற்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம், பம்புக்குள் வழவழப்பைத் தருவதே டீசல்தான்.

புது ஃபில்டர் போடும்போது அதில் சுத்தமான டீசலை நிரப்பிப் போடுவது நல்லது. ஆனால் திருகிப் போடும் ஃபில்டரில் நடுவில் உள்ள பெரிய துளையில் ஊற்றாதீர்கள், அது வடிகட்டிய பக்கம். சுற்றியுள்ள சிறு துளைகளில் ஊற்றுங்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபில்டர் மாற்றி வந்த மறுநாள் காலை வண்டி பிடிக்கவில்லை. ஏர் எடுத்தால், அதாவது டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றினால் ஓடும், இரவு நின்றால் மறுபடி பிடிக்காது. பேட்டரியை மாற்றினேன், செல்ஃபைக் கழற்றிக் கார்பன் போட்டேன், இரண்டு நாள் லோடு போனது. மூன்றாம் நாள் ஃபில்டரைக் கழற்றி, அது மாட்டும் ஃபில்டர் ஹெட்டின் அடியில் விரலைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். பழைய ரப்பர் வளையம் அங்கேயே ஒட்டியிருந்தது, புது வளையம் அதன்மேல் உட்கார்ந்திருந்தது. வெளியே ஒரு சொட்டு டீசல் கசியவில்லை. பழைய வளையத்தை நகத்தால் உரித்து எடுத்துவிட்டுப் பொருத்தினேன், பிறகு ஒரு காலையும் மக்கர் செய்யவில்லை.

ஏன் கசியவில்லை என்பதுதான் இதில் பாடம். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் பம்ப்) வரை உள்ள லைன் இழுக்கும் லைன். ஃபில்டருக்குப் பிறகு ஃபீட் பம்ப் இருக்கும் வண்டிகளில் ஃபில்டரும் அதில் சேர்த்தி. அங்கே ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகும், டீசல் வெளியே வராது. கசிவைத் தேடிக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தால் கிடைக்காது. பகலில் நன்றாக ஓடி, இரவு நின்றால் மட்டும் மக்கர் செய்கிறது என்றால் முதலில் காற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஏர் எடுக்கும் முறை

ஹேண்ட் பம்ப் ஃபில்டர் ஹெட்டிலோ ஃபீட் பம்பிலோ இருக்கும். ஃபில்டர் மேல் உள்ள ஏர் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி, அடியில் துணி வைத்துப் பம்ப் அடியுங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழியோடு வரும், பிறகு கம்பிபோல ஒரே சீராக டீசல் வரும். பம்பை அழுத்திப் பிடித்த நிலையிலேயே திருகை இறுக்குங்கள். கையை விட்டுவிட்டு இறுக்கினால் காற்று திரும்ப உள்ளே போகும். இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பகுதி என்று வரிசையாக உள்ள பம்ப்) என்றால் பம்பின் பக்கவாட்டில் உள்ள திருகிலும் இதையே செய்யுங்கள்.

பிறகும் அடித்துக்கொண்டே இருங்கள், கைக்கு இறுக்கம் தெரிய வேண்டும். எவ்வளவு அடித்தாலும் லொடலொடவென்றே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது ஹேண்ட் பம்பின் வால்வே போயிருக்கிறது.

கடைசியாக நாசில் முனையில் உள்ள பைப் நட்டுகள். பெரும்பாலும் 17-ஆம் நம்பர் ஸ்பேனர் சேரும். எல்லா நட்டுகளையும் ஒரு சுற்றுத் தளர்த்தி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு தள்ளி நின்று பாருங்கள். டீசல் துடித்துத் துடித்து வர ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். எல்லாவற்றையும் இறுக்கும் முன்பே இன்ஜின் தடதடவென்று பிடிக்கும். எக்காரணம் கொண்டும் எதையும் விரலால் அடைக்காதீர்கள். நாசிலிலிருந்து தூவும் டீசலின் அழுத்தம் சுமார் 200 பார், அது தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியது போலச் சின்னக் குறியாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், விரலையே இழக்க நேரிடும்.

கேன் சோதனை

ஏர் எடுத்தும் காற்று திரும்பத் திரும்ப வருகிறதா? ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் நிறமில்லாத ட்யூபைப் போடுங்கள். ஓடும்போது அதில் குமிழி போனால் காற்று பம்புக்கு முன்னால் நுழைகிறது.

வண்டி பிடிக்கவே இல்லை என்றால் கேனில் சுத்தமான டீசல் நிரப்பி, பானட் பக்கத்தில் பம்பை விட உயரமாகக் கட்டி, அதிலிருந்து ட்யூபை நேராகப் பம்பின் இன்லெட்டுக்குக் கொடுங்கள். ரிட்டர்ன் ட்யூபையும் அதே கேனுக்குள் விடுங்கள். ஏர் எடுத்துவிட்டு அடியுங்கள். பிடித்தால் டேங்கிலிருந்து ஃபில்டர் வரை ஏதோ ஒரு குழாய், கிளாம்ப், குழாய் முனையை இறுக்கும் பேஞ்சோ போல்ட்டின் காப்பர் வாஷர், டேங்கினுள் உள்ள சல்லடை, ஃபில்டர் அல்லது ஃபீட் பம்ப்தான் குறை, பெரும்பாலும் சில நூறு ரூபாய் வேலை. பம்பைக் கழற்ற வேண்டும் என்று யார் சொன்னாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேனிலும் பிடிக்கவில்லை, நட்டுகளில் டீசல் துடிக்கவும் இல்லை, சொலினாய்டும் சரி என்றால் அப்போதுதான் பம்பின் முறை. அதை வீட்டில் பிரிக்காதீர்கள். பெஞ்சில் ஏற்றிக் காலிபரேஷன் செய்யும் டீசல் பம்ப் கடைக்குத்தான் போக வேண்டும்.

வெள்ளைப் புகை வருகிறது, பிடிக்கவில்லை

சுற்றும் வேகம் சரி என்று ஏற்கெனவே பார்த்துவிட்டோம். அடுத்து ஹீட்டர் பிளக். குட்டி யானை போல, டீசலைத் தனி அறையில் எரிய வைக்கும் இன்ஜின்களுக்கு இது கட்டாயம். நேரடியாகத் தூவும் பல இன்ஜின்கள் நம் சமவெளி வெயிலில் அது இல்லாமலே பிடித்துவிடும். ஊட்டியில் ஜனவரிக் குளிரில் நிற்கும் வண்டியின் கதை வேறு. பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றி, பல்பின் ஒரு வயரைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மற்றதை ஒவ்வொரு பிளக் முனையிலும் வையுங்கள். எரியாத பிளக் செத்தது. எல்லாம் எரிந்தால், தகட்டுக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள், ரிலே போயிருக்கலாம்.

பிறகு டைமிங், அதாவது வால்வும் பம்பும் பிஸ்டனோடு சரியான நேரத்தில் இயங்குவது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து செல்ஃப் அடிக்கும்போது உள்ளே வால்வைத் தள்ளும் ராக்கர் அசைகிறதா பாருங்கள். அசையவில்லை என்றால் டைமிங் பெல்ட்டோ செயினோ போயிருக்கிறது. உடனே நிறுத்துங்கள், ஒவ்வொரு சுற்றிலும் வால்வு பிஸ்டனில் அடிபடலாம். அண்மையில் பெல்ட் மாற்றியோ பம்ப் இறக்கி ஏற்றியோ இருந்தால், ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி.

கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டரில் காற்று நசுங்கும் அளவை, காது ஓரளவு சொல்லும். நல்ல இன்ஜின் ஒரே தாளத்தில் சுற்றும். ஓரிடத்தில் மட்டும் சடாரென்று வேகம் எடுத்தால் அந்தச் சிலிண்டரில் நசுக்கு இல்லை. இன்ஜின் வேலை என்று முடிவு கட்டும் முன் டாப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே உள்ளதை) அளந்து பாருங்கள். இடைவெளி இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாது, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் ஒரு மணி நேரமும் இருந்தால் சரிசெய்துவிடலாம். இதைப் பார்க்காமலே ஹெட்டை இறக்கிய வண்டிகள் நிறைய. கம்ப்ரஷன் கேஜில் 25 பாருக்கு மேல் இருந்தால் கவலை இல்லை. 20-க்குக் கீழே போனால் ரிங், வால்வு என்று செலவுக்குத் தயாராக வேண்டியதுதான்.

ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வந்து, செல்ஃப் சுற்றும்போது நடுவில் 'தட்' என்று நின்றால் ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் வருகிறது. அதற்குமேல் அடிக்காமல் வண்டியைக் கட்டி இழுத்துப் போங்கள்.

சிஆர்டிஐ வண்டியாக இருந்தால்

பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ்) புகைக் கட்டுப்பாட்டு விதி 2017 ஏப்ரல் 1-இலும், பிஎஸ்-6 விதி 2020 ஏப்ரல் 1-இலும் நாடு முழுக்க வந்தன. அதற்குப் பிந்திய டீசல் பிக்கப்புகளில் பெரும்பாலும் காமன் ரெயில்தான். அதன் பைப்பில் ஓடும்போது 1,000 பாருக்கு மேல்கூட அழுத்தம் ஏறும். நட்டைத் தளர்த்திப் பார்க்கும் வேலை இங்கே கிடையவே கிடையாது. நீங்கள் செய்யக்கூடியவை: பேட்டரி, எர்த், ஃபில்டரில் தண்ணீர், ஃப்யூஸ், டாஷ்போர்டில் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) விளக்கு. செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் துளியும் அசையவில்லை என்றால் இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைச் சந்தேகப்படலாம். மற்றதெல்லாம் ஸ்கேனர் வைத்திருப்பவர் வேலை.

பிடித்த பிறகு

உடனே கியர் போட்டுக் கிளம்பாதீர்கள். பத்து நிமிடம் ஐடிலில் விட்டு, தளர்த்திய ஒவ்வொரு நட்டையும் காய்ந்த துணியால் துடைத்து, மறுபடி ஈரம் தெரிகிறதா பாருங்கள். சைலன்சர் சூட்டில் சொட்டினால் தீப்பிடிக்கும். பெல்ட்டிலும் ரப்பர் மவுண்ட்டிலும் சிந்திய டீசலைத் துடைத்துவிடுங்கள், அது ரப்பரைத் தின்னும். நிறமில்லாத ட்யூபை ஒரு நாள் அப்படியே விட்டு, மறுநாள் காலை சாவியைத் தொடும் முன் அதைப் பாருங்கள். ட்யூப் நிறைய டீசல் நின்றால் பழைய குழாயை மாட்டிவிட்டு லோடுக்குக் கிளம்பலாம். பாதி காலியாக இருந்தால் காற்று இன்னும் எங்கோ நுழைகிறது, டேங்க் முனையிலிருந்து ஒவ்வொரு கிளாம்பாக மறுபடி பார்த்து வாருங்கள்.